கொடிக்கால் ஊரின் இரவு வானம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப் பாதையில், வைகையின் வடகரையில் அமைந்திருக்கிறது சோழவந்தான். நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த இவ்வூரின் பெயரைக் கேட்டதுமே வெற்றிலைதான் நினைவுக்கு வரும். 2023 ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலை புவிசார் குறியீடும் பெற்றது. ஆயினும் அன்பு வாசகர்களே, பகலில் வந்து கொடிக்காலைக் கண்டு திரும்புவோர் இவ்வூரின் பாதியைத்தான் காண்கின்றனர். மறுபாதி இஷாத் தொழுகைக்குப் பின் வானத்தில் நடைபெறுகிறது. அதைக் காதால்தான் காண வேண்டும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வட ஆசியாவிலிருந்தும் இமயமலை அடிவாரங்களிலிருந்தும் எண்ணற்ற பறவைகள் தென்னாடு நோக்கி வருகின்றன. அவற்றில் பல இரவிலேயே பயணம் செய்கின்றன. இரவுக் காற்று குளிர்ந்தும் அமைதியாகவும் இருப்பதால் உடல் சூடேறுவதில்லை. வல்லூறுகளின் அச்சம் குறைவு. பகற்பொழுது இரை தேட மிஞ்சுகிறது. வழி காட்ட விண்மீன்கள் இருக்கின்றன.

இருளில் செல்லும் பறவைகளிற் பல, ஒன்றையொன்று பிரியாதிருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே செல்கின்றன. இது பாட்டன்று, ஒரு நொடியின் சிறு பகுதியே நீடிக்கும் அழைப்பொலி. 1896 ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓரின் லிபி என்பவர் ஒரு குன்றின்மீது அமர்ந்து, ஒரே இரவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்பொலிகளை எண்ணினார். அதே ஆண்டு நவம்பரில்தான், பின்னாளில் இந்தியாவின் பறவை மனிதரெனப் போற்றப்பட்ட சாலிம் அலி பம்பாயில் பிறந்தார். 1957 இல் கிரேபர், காக்ரன் ஆகிய இருவர் இல்லினாய் மாநிலத்தில் இவ்வொலிகளை ஒலிநாடாவில் பதிவு செய்தனர். பில் எவன்ஸ் என்பார் பூந்தொட்டிக்குள் ஒலிவாங்கியை வைத்து வானை நோக்கித் திருப்பும் எளிய முறையைப் பரப்பினார்.

அந்த முறை நமக்கும் எட்டாததன்று. இரவில் ஆற்றங்கரைக்கோ கண்மாய்க் கரைக்கோ போக வேண்டியதில்லை. வீட்டு மொட்டைமாடியே போதும். கைப்பேசியை ஒரு மண்தொட்டிக்குள் வானை நோக்கி வைத்து, ஒலிப்பதிவை இயக்கி விடுங்கள். காலையில் அப்பதிவைக் கணினியில் ஒலிவரைபடமாக மாற்றினால் ஒவ்வொரு குரலும் ஒரு கையெழுத்தைப் போலத் தெரியும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி 2021 முதல் குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. எனினும் இரவுக் குரல்கள் மிகக் குறுகியவை. செயலியின் சொல்லை முடிந்த முடிபாகக் கொள்ளாதீர்கள்.

முதலில் உள்ளூர்க் குரல்களைப் பழகிக்கொள்ள வேண்டும். 'குவாக்' என்று தலைக்கு மேல் ஒலிப்பது வக்கா. பதறியடித்துக் கூவுவது ஆள்காட்டி. கூட்டமாகச் சீழ்க்கையடித்துச் செல்வது சீழ்க்கைச் சிறகி. இவற்றை ஒதுக்கிய பின்னரே விருந்தினரை அறிய இயலும். 'தியூ, தியூ, தியூ' என மும்முறை தெளிவாக விசிலடிப்பது பச்சைக்காலி. துணி கிழிவது போன்ற கரகரத்த ஒற்றையொலி, வயற்சேற்றில் இரை துழாவும் கோரை உள்ளானுக்குரியது.

குரல் கொடுக்காமலே வந்திறங்கும் விருந்தினரும் உண்டு. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவும் ஆறுமணிக்குருவி இரவில் பறந்து வந்து, விளக்கொளியில் மயங்கி, வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ களைத்து விழுவதுண்டு. அவ்வாறு கண்டால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருளும் அமைதியுமான இடத்தில் வைத்திருந்து, தெளிந்தபின் மரநிழலில் விட்டு விடுங்கள். வானை நோக்கி எரியும் தேவையற்ற விளக்குகளை இம்மாதங்களில் அணைத்து வைப்பதும் ஒரு தருமமே.

இவ்வூருக்கென்றே பெயர் சூட்டியது போன்ற பறவை ஒன்றும் உண்டு. கிழக்காசியக் காடுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் அதனைத் தமிழர் கொடிக்கால் வாலாட்டி என்று அழைத்தனர். பிற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் ஆட்டும். 'பிங்க்' என உலோகத்தைத் தட்டியது போல் ஒலி எழுப்பும். அகத்தி நிழலும் ஈரத்தரையும் புழுபூச்சியும் நிறைந்த கொடிக்கால், அதற்குக் காட்டின் மறு உருவம்.

இன்றோ நோய்த் தாக்குதலாலும் கூலிச் செலவாலும் கொடிக்கால்களின் பரப்பு குறைந்து வருகிறது. நிக்காஹ் பேச்சுக்கு வெற்றிலை மாற்றும் நம் குடும்பங்கள் இதைச் சிந்திக்க வேண்டாமா? ஒரு கொடிக்கால் அழியும்போது உழவரின் வாழ்வோடு, பல்லாயிரம் கல் கடந்து வரும் ஒரு விருந்தாளியின் தங்குமிடமும் போகிறது. பிறகு அப்பெயர் மட்டும் நம் மொழியில் பொருளிழந்து நிற்கும்.

ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டதைத் திருமறை கூறுகிறது. சிறகு விரித்த பறவைகளும் தத்தம் துதியை அறிந்திருப்பதாக அந்நூர் அத்தியாயம் உணர்த்துகிறது. தஹஜ்ஜுத் தொழ எழுவோரே, தொழுகைக்குப் பின் சிறிது நேரம் மாடியில் நின்று செவி சாயுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்து, கேட்ட குரலையும் நாளையும் நேரத்தையும் ஓர் ஏட்டில் குறிக்கச் செய்யுங்கள். சில ஆண்டுகளில் அந்த ஏடு, உங்கள் ஊர் வானத்தின் வரலாறாகும், இன்ஷா அல்லாஹ்.