மஞ்சள் விளக்கும் மலைப்பாதையும்

புனே நகரில் வாழும் நம்மவர் இல்லங்களுக்குத் தாயகத்திலிருந்து உறவினர் வந்தால், அவர்களை அழைத்துச் செல்லத்தக்க இடங்களுள் மகாபலேஷ்வர் தலையாயது. நகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. விடியற்காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் சேர்ந்துவிடலாம். அங்குள்ள இயற்கை எழிலைப் பலரும் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கு எழுதப் புகுவது அங்குச் செல்லும் வழியையும், அவ்வழியில் ஒரு சிறு விளக்கு நமக்குக் கற்பித்த பாடத்தையும் பற்றியே. சொந்தக் காரில் மலையேறும் குடும்பங்கள் பெருகிவரும் இந்நாளில் இது சங்கத்து அன்பர்களுக்குப் பயன்படும் என நம்புகிறோம்.

மழைக்காலம் ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் ஒருவருடைய காரில் அவரும், அவர் மனைவியாரும், சிறு மகனும், சென்னையிலிருந்து வந்திருந்த அன்னையாரும் புறப்பட, நாமும் உடன் சென்றோம். பயணத்துக்குக் காரணமானவர் அந்த அன்னையாரே. "எங்கள் வீட்டுக் குழாயில் கிருஷ்ணா தண்ணீர் வருகிறது, தம்பி. அது பிறக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று நம்மிடம் சொன்னார். ஆந்திர நாட்டின் வழியே கால்வாயில் ஓடிவரும் கிருஷ்ணை நீர் 1996ஆம் ஆண்டில் பூண்டி ஏரியை அடைந்தது. அந்த நதியின் பிறப்பிடம் பழைய மகாபலேஷ்வர். அன்னையார் ஊர் திரும்ப மறுநாளே ரயில் ஏற வேண்டியிருந்தது. ஆதலால் அந்த ஒரு நாளை விட்டால் வேறு நாள் இல்லை.

கட்ரஜ் மலைச் சுரங்கத்தைக் கடந்ததும் சாலை அகன்று விரிகின்றது. நீரா நதியைத் தாண்டினால் புனே மாவட்டம் முடிந்து சாத்தாரா மாவட்டம் தொடங்கும். அப்பால் கம்பாட்கி மலைப்பாதை. அதை ஏறியிறங்கிச் சுரூர் என்னுமிடத்தில் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்தால் வாய் என்னும் பழம்பதியை அடையலாம். கிருஷ்ணை நதிக்கரையில் படித்துறைகளும் கோயில்களும் நிறைந்த இவ்வூரை மராத்தியர் தட்சிண காசி எனப் போற்றுவர். பெரிய திருவுருவுடன் வீற்றிருக்கும் டோல்யா கணபதியை வணங்கிவிட்டு, படித்துறையில் சிற்றுண்டி முடித்து, மீண்டும் வண்டியில் அமர்ந்தோம்.

நண்பர் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் சற்று முனகிய பிறகே இயங்கியது. வழக்கமாகச் சாவி திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். இம்முறை ஒன்று மட்டும் அணையவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் உருவமும் அருகே ஓர் ஆச்சரியக் குறியும் கொண்ட மஞ்சள் விளக்கு அது. சக்கரத்தைத் திருப்பிப் பார்த்த நண்பர், "கல்லாய்க் கனக்கிறது" என்றார்.

அருகே நின்ற வாடகைக்கார் ஓட்டி ஒருவர், "இதெல்லாம் ஒன்றுமில்லை, விளக்கின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு ஓட்டுங்கள்" என்று யோசனை கூறினார். நண்பரோ அன்னையாரின் முகத்தைப் பார்த்தார். வாயிலிருந்து பஞ்சகனி வரை ஏறும் பசரணி மலைப்பாதை வளைவுகள் மிக்கது. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். ஏறுவதா, திரும்புவதா என்னும் வினா எழுந்தது.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு விளக்குகளின் மொழி ஓரளவு பழக்கம். சிவப்பு, நில் என்னும் ஆணை. ஒற்றை மஞ்சள், அடுத்த சிக்னலில் நிற்க ஆயத்தமாகச் செல் என்னும் எச்சரிக்கை. 1863இல் திறக்கப்பட்ட போர் மலைப்பாதையில், முப்பத்தேழு அடிக்கு ஓரடி சரியும் இருப்புப்பாதையில், எந்த ஓட்டுநரும் மஞ்சளைக் கண்டு கண்ணை மூடிக்கொள்வதில்லை. கார் விளக்குகளும் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன. சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். மஞ்சள் எரிந்தால் வேகம் தணித்து, விரைவில் காரணத்தை அறிய வேண்டும்.

அவ்விளக்கு காக்கும் பொருள் யாது? முற்காலக் கார்களில் சக்கரங்களைத் திருப்பும் பாரம் முழுவதும் ஓட்டுபவர் தோளில் இருந்தது. 1951இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் எண்ணெய் அழுத்தத்தால் உதவும் பவர் ஸ்டியரிங்கை விற்பனைக் கார்களில் கொணர்ந்தது. 1988இல் ஜப்பானின் சுஸுகி நிறுவனம் மின் மோட்டாரால் உதவும் முறையைக் காரில் பொருத்தியது. இன்றைய கார்களில் பெரும்பாலும் இம்முறையே உள்ளது. ஸ்டியரிங் தண்டில் உள்ள உணர்கருவி, கை எவ்வளவு வலிவுடன் திருப்புகிறது என்பதை அளக்கிறது. ஒரு சிறு கணிப்பொறி வண்டியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு மோட்டாரை ஏவுகிறது. இவற்றுள் எங்கேனும் குறை நேர்ந்தால் மோட்டார் உதவியைக் குறைத்தோ நிறுத்தியோ விளக்கு எரியும். பொதுவாகத் தண்டுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. ஆகவே வண்டி திரும்பும், ஆனால் மிகுந்த வலிவு வேண்டும். சமவெளியில் இது வெறும் சிரமம். கொண்டை ஊசி வளைவிலோ பேராபத்து.

எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் இயக்கினோம். விளக்கு அணையவில்லை. சந்தையருகே இருந்த மெக்கானிக் ஒருவரிடம் மெல்ல ஓட்டிச் சென்றோம். "தாதா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று நண்பர் மராத்தியில் வேண்டினார். அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. எஞ்சின் முனகியதைக் கேட்டறிந்ததும் முன்மூடியைத் திறந்து பேட்டரியைக் காட்டினார். அதன் முனையில் பச்சையும் வெண்மையுமாகப் பொடி பூத்திருந்தது, கவ்வியும் தளர்ந்திருந்தது. அந்த மோட்டார் திரும்பும் வேளையில் மிகுந்த மின்சாரம் கேட்கும். வழியில் தடை இருந்தால் மின்னழுத்தம் தாழ்ந்து, கணிப்பொறி குறை என்று பதிவு செய்துவிடும் என விளக்கினார்.

எஞ்சினை நிறுத்தி, முதலில் நெகட்டிவ் கவ்வியையும் பிறகு மற்றதையும் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரால் முனைகளைத் தேய்த்துத் துடைத்து, நெகட்டிவைக் கடைசியாக இறுக்கினார். எஞ்சின் ஓடுகையில் மீட்டர் 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டியது. அது நல்ல அளவு. பின்னர்ச் சக்கரத்தை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் மெதுவாகத் திருப்பச் சொன்னார். விளக்கு அணைந்தது. அதோடு அவர் விட்டுவிடவில்லை. "ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மறுபடி எரிந்தால் மலை ஏறாதீர்கள், கருவி வைத்துப் பழுதுக் குறியைப் படிக்க வேண்டும்" என்றார். அவ்வாறே ஓட்டினோம். எரியவில்லை. அதன் பின்னரே பசரணியில் ஏறினோம்.

வளைவுக்கு வளைவு கீழே கிருஷ்ணைப் பள்ளத்தாக்கு விரிந்துகொண்டே வந்தது. பஞ்சகனி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கப்பால் பழைய மகாபலேஷ்வரில் பஞ்சகங்கா ஆலயம். கிருஷ்ணா, வெண்ணா, கொய்னா, காயத்ரி, சாவித்ரி ஆகிய ஐந்து நதிகள் ஊற்றெடுக்கும் தலம் அது என்பர். கல்லில் செதுக்கிய பசுவின் வாயிலிருந்து நீர் விழுகின்றது. அன்னையார் இரு கைகளாலும் ஏந்தி, "இதுவா அவ்வளவு தூரம் வருகிறது!" என்று பேரனிடம் வியந்தார்.

கார் வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். மலைப்பயணத்துக்கு முன் பேட்டரி முனைகளையும், டயர்க் காற்றையும், எண்ணெய் முறை ஸ்டியரிங் என்றால் அதன் எண்ணெய் அளவையும் பெல்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை ஒரு கோடியிலேயே நெடுநேரம் இறுக்கிப் பிடிக்காதீர்கள். மோட்டார் சூடேறி உதவி குறையும். உயிர்காக்கும் காற்றுப்பை ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவில் இருப்பதால், அதைக் கண்டவரிடம் கொடுத்துத் திறக்கலாகாது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சப்படுத்த எஞ்சினை நிறுத்துவது கூடவே கூடாது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒருங்கே கனத்துவிடும். அணைந்த விளக்கு மீண்டும் எரிந்தால், நல்ல பணிமனைக்குச் செல்லும் வரை மலைப்பாதையை மறந்துவிடுங்கள். விளக்கை மறைக்கும் காகிதம் பள்ளத்தை மறைப்பதில்லை.