தவிட்டுக்குருவியின் முறையீடு

விழுப்புரம் பக்கத்துக் கொல்லைகளில் ஓயாது குறை கூறும் பறவை ஒன்று உண்டெனில், அது தவிட்டுக்குருவியே. வெளிறிய கண்ணும் மஞ்சள் அலகும் கொண்ட இது தனியே வருவதில்லை. ஆறேழு பேர் கூடிவந்து, சருகைப் புரட்டிப் பூச்சி தேடியவாறே முணுமுணுக்கும். எங்கள் பங்கு இல்லத்துக் கொல்லையில் நாள்தோறும் கேட்கும் அம்முறையீட்டை நம் மொழியில் இவ்வாறு பெயர்க்கலாம்:

“அணிலுக்கு வாலைத் தூக்கிக் கத்துவதன்றி வேறு வேலையில்லை. பூனையோ உறங்குவதுபோல் நடிக்கிறது. நாங்கள் எல்லாரும் ஒருசேரக் கூச்சலிட்டாலன்றி நகராது. சுடலைக்குயில் எங்கள் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடுகிறாள். அவள் பிள்ளைக்கும் சித்தப்பன், பெரியம்மாள் என்று எங்கள் குடும்பமே இரை ஊட்டுகிறது. போகட்டும், அதுவும் பிள்ளைதானே!

மனிதர் செயல்தான் விளங்கவில்லை. திந்திரிணிவனம், அதாவது புளியங்காடு, என்பதே திண்டிவனம் ஆயிற்றாம். அவ்வழியே நான்குவழிச் சாலை வந்தபோது ஓரத்துப் புளியமரங்கள் பல வீழ்ந்தன. 2021-இல் மரக்காணம் பக்கத்துக் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கடல் கடந்து வரும் விருந்தாளிகளுக்கு நல்லதே. வீட்டோடு இருக்கும் எங்களுக்கோ சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். மிஞ்சிய மண்ணுக்குச் சிமெண்டு பூசுகிறார்கள். சிமெண்டைப் புரட்டினால் புழு கிடைக்குமா?”

முறையீட்டில் நியாயம் இருக்கிறது. சருகு மக்கினால் மண்ணுக்கு உரம். அதனடியில் வாழும் பூச்சி குருவிக்கு உணவு. ஒரு தீக்குச்சி இவ்விரண்டையும் அழித்துவிடுகிறது. அன்பர்களே, கொல்லையில் ஒரு மூலையையேனும் பெருக்காமல் விட்டுவையுங்கள். முணுமுணுப்பு அப்போதும் நிற்காது. ஆனால் வயிறு நிறைந்த முணுமுணுப்பாய் இருக்கும்.