பொதிகையின் மறுபக்கத்தில் ஒரு பேய் பங்களா

 

ஆனி, ஆடி மாதங்களில் நீங்கள் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு இரயிலில் வந்திருப்பீர்களானால், கீழக்கடையம் நிலையத்தை நெருங்கும்போது இடப்பக்கச் சன்னல் வழியே மலை உங்களோடு கூடவே வருவதைக் கண்டிருப்பீர்கள். அதன் உச்சியை மேகம் மூடியிருக்கும். வயலில் நிற்பவர் மீது வெயிலும் சாரலும் ஒரே நேரத்தில் விழும். குற்றாலத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் கடையத்தில் இறங்குவதில்லை. அதில் எங்களுக்கு மனக்குறை ஒன்றுமில்லை. ஆயினும் இறங்கிப் பார்ப்பதற்கு இங்கும் சில உண்டு. பாரதியார் தம் துணைவியார் செல்லம்மாளின் ஊராகிய இதில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்தார். பக்கத்தில் பொட்டல்புதூர், அங்கே முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் நினைவாக எழுந்த தர்காவை நீங்கள் அறிவீர்கள். 1920-இல் அந்தப் பொட்டல்புதூரிலேதான் பாரதியார் இஸ்லாத்தின் மகிமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

ஆனால் இப்போது எங்கள் ஊர் இளைஞர்கள் என்னிடம் விசாரிக்கும் இடம் இவற்றுள் எதுவுமன்று. ஐந்தருவியில் குளித்து, பரோட்டா சாப்பிட்டு, மாலைக்குள் வீடு திரும்புவது அவர்களுக்குப் போதவில்லை. சென்ற சாரலில் மதரஸாவுக்கு ஓத வரும் பிள்ளைகளின் தமையன்மார் நால்வர் வாசலில் வந்து நின்றார்கள். "ஹஜ்ரத், போணக்காடு பங்களாவுக்குப் போகலாமா? மார்க்கத்தில் தடை உண்டா?" என்று கேட்டார்கள். எல்லாம் கைப்பேசியில் படம் பார்த்து வந்த ஆசை.

போணக்காடு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கடையத்திலிருந்து தென்மேற்கே, அகத்தியர் மலைக்கு அப்பால், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பறவை பறக்கும் நேர்கோட்டில் அளந்தால் 30 கிலோமீட்டர்கூட இராது. மனிதன் போக வேண்டுமானால் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு, விதுரை என்று 100 கிலோமீட்டருக்கும் மேல் மலையைச் சுற்றிச் செல்ல வேண்டும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிறவர்கள் புறப்படும் அடிவாரம் அதுதான். அங்கே ஒரு பழைய தேயிலைத் தோட்டமும், தோட்டத்துக்கு மேலே மேலாளருக்கென்று கல்லால் கட்டிய ஒரு பங்களாவும் இருக்கின்றன.

அந்தப் பங்களாவைப் பற்றிய கதை இது. 1951-ஆம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்கார மேலாளர் ஒருவர் அதைக் கட்டிக் குடும்பத்தோடு குடியேறினாராம். சில நாட்களில் அவருடைய 13 வயது மகள் காரணம் தெரியாமல் இறந்துவிட்டாளாம். மனமுடைந்த தந்தை இலண்டனுக்குத் திரும்பிவிட்டாராம். அதன்பின் அங்கே தங்கியவர்கள் இரவில் ஒரு சிறுமி நடமாடக் கண்டார்களாம். கண்ணாடி உடையும் ஓசையும் அழுகுரலும் கேட்டார்களாம். கதையின் உச்சம் இனிமேல்தான். விறகு பொறுக்கப் போன தோட்டத்துப் பெண் ஒருத்தி, எழுத்து வாசனையே அறியாதவள், வீட்டுக்கு வந்ததும் ஆங்கிலம் பேசத் தொடங்கினாளாம். சில நாட்களில் அவளும் மாண்டாளாம்.

பேயை வைத்துச் சுற்றுலா நடத்துவது உலகில் புதியதன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ், சவன்னா போன்ற நகரங்களில், சீட்டு வாங்கியவர்களை இரவில் வீதி வீதியாக அழைத்துச் சென்று பேய்க்கதை சொல்லுகிறார்கள். அங்குள்ள பழைய விடுதிகள் சிலவற்றில் பேய் உலாவுவதாகச் சொல்லப்படும் அறையைத்தான் விருந்தினர் விரும்பிக் கேட்கிறார்கள். நம் நாட்டில் இராஜஸ்தானத்துப் பான்கர் கோட்டை உண்டு. சூரியன் மறைந்தபின் உள்ளே செல்லக் கூடாது என்று தொல்லியல் துறை வைத்த பலகையையே பேய்க்குச் சான்றாகக் காட்டுகிறார்கள்! உதகையில் மைசூர் மகாராஜாவின் கோடைகால மாளிகையாக இருந்து விடுதியாக மாறிய ஃபெர்ன்ஹில் அரண்மனைக்கும் ஒரு கதை உண்டு. 2002-இல் வெளியான ஓர் இந்திப் படத்தின் குழுவினர் அங்கே தங்கியிருந்தபோது, மாடியில் நாற்காலி மேசைகளை இழுக்கும் ஓசை கேட்டு உறக்கமின்றித் தவித்தார்களாம். விடிந்ததும் புகார் சொல்லப் போனால், அந்தக் கட்டடத்துக்கு மேல்மாடியே இல்லை என்றார்களாம். விடுதி நடத்துகிறவருக்கு இதைவிட மலிவான விளம்பரம் வேறேது?

எங்கள் சீமையில் வெள்ளைக்காரப் பேய் ஒன்று இதற்கு முன்பும் உலாவியிருக்கிறது. 1809-இல் ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றிய சண்டையில் போல் என்ற ஆங்கிலேயப் படைத்தலைவர் படுகாயமுற்று மாண்டார். அவருடைய ஆவி அலைகிறது என்று அஞ்சிய மக்கள், அவர் கல்லறையில் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்ததை, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் பதிவு செய்திருக்கிறார். உயிரோடிருந்தபோது என்ன விரும்பினாரோ, அதையே செத்த பின்னும் கேட்பார் என்று எண்ணினார்கள் போலும். நெல்லைச் சீமையின் சகோதர சமயத்து மக்களிடையே, அகாலமாய் மாண்டவர்களும் அநீதியாய்க் கொல்லப்பட்டவர்களும் தெய்வமாக நின்று பலி கேட்கும் வழிபாடு இன்றும் உண்டு. அதை ஏளனம் செய்வது நமக்கு அழகன்று. செத்தவனுக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லை என்னும் உறுத்தல் அதற்குள் இருப்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வருவதற்கு முன்னர் அறியாமைக் காலத்து அரபுகளும் இதையே நம்பினார்கள். கொலையுண்டவனின் தலையிலிருந்து ஆந்தை போன்ற ஒரு பறவை வெளிப்படும். பழி தீர்க்கப்படும் வரை அது கல்லறையின் மேல் அமர்ந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுக் கதறும் என்றார்கள். அதற்கு 'ஹாமா' என்று பெயர். பாலைவழியில் பயணிகளை மயக்கி வழிகெடுக்கும் உருவத்துக்கு 'கூல்' என்று பெயர். இந்த ஹாமாவும் இல்லை, கூலும் இல்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் காணலாம். ஹாமாவின் பெயரால் தலைமுறை தலைமுறையாக நடந்த பழிவாங்கலுக்கும் அத்தோடு வேர் அறுந்தது. கொலைக்குரிய நீதியைப் பறவை கேட்க வேண்டாம், நீதிமன்றம் கேட்கட்டும் என்றாகிவிட்டது.

"அப்படியானால் ஜின்கள்?" என்று உடனே கேட்பீர்கள். அந்த நால்வரும் கேட்டார்கள். ஜின்கள் உண்டு, அதை மறுப்பவர் குர்ஆனின் ஒரு முழு அத்தியாயத்தையே மறுத்தவராவார். அவை நெருப்பால் படைக்கப்பட்ட ஒரு தனிப் படைப்பு. அவற்றுள் நல்லவையும் உண்டு, கெட்டவையும் உண்டு. ஆனால் ஜின் என்பது செத்த மனிதனின் ஆவியன்று. இறந்தவருக்கும் இவ்வுலகுக்கும் இடையே பர்ஸக் என்னும் திரை விழுந்துவிடுகிறது. மறுமை வரையில் அது விலகாது. போணக்காட்டில் ஒரு சிறுமி மெய்யாகவே இறந்திருந்தாலும், அவள் திரும்பி வந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டிருக்கவில்லை. மறைவானவை ஜின்களுக்குத் தெரியும் என்பதும் வீண் பேச்சு. ஸுலைமான் (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்தபடியே வஃபாத்தாகி நின்றதை அறியாமல், அது அரிக்கப்பட்டு அவர்கள் சரியும் வரை ஜின்கள் வேலை செய்துகொண்டே இருந்த வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இனி, போணக்காட்டு விஷயத்தில் நான் உங்களிடம் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன்.

நீங்கள் அங்கே செல்வீர்களானால், பங்களாவுக்குப் போகும் வழியில் தேயிலை ஆலையைக் காண்பீர்கள். அது ஓய்ந்து கிடக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் காண்பீர்கள்; ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறு சிறு வீடுகள். தோட்டம் நொடித்து வேலை நின்றபோது, கூலி பாக்கியும் பணிக்கொடையும் கைக்கு வராமல் அங்கேயே தங்கிப்போன குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் நம் தமிழ் மண்ணிலிருந்து தலைமுறைகளுக்கு முன்னே மலையேறியவர்களின் வழிவந்தோர். மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் அவர்கள் குடியிருக்க, அவர்களைக் கடந்து வண்டிகள் யாரும் குடியிராத பங்களாவைப் பார்க்கப் போகின்றன!

கதையை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். பேயானவள் துரைமகள். பேய் பிடித்து மாண்டவள் விறகு பொறுக்கியவள். முன்னவளுக்கு வயதும் வரலாறும் உண்டு. பின்னவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. அந்த மலைகளில் தோட்டம் போட்ட காலத்தில் மலைக்காய்ச்சலாலும், பிரசவத்திலும், காட்டு விலங்குகளாலும் எத்தனையோ கூலிகள் மாண்டார்கள். அவர்களில் ஒருவருடைய ஆவியும் எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. ஆவியாக அலைவதற்குக்கூட பங்களா இருக்க வேண்டும் போலிருக்கிறது.

மலையின் இந்தப் பக்கத்தையும் பார்ப்போம். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாகத் தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிறுவனம் உண்டாக்கியவை. கூலி உயர்வு கேட்டும், சிறைப்பட்ட தோழர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23-ஆம் நாள் நெல்லையில் அந்தத் தொழிலாளருக்காக நடந்த ஊர்வலத்தில், காவல்துறையின் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் உண்டு, ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு. குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024-இல், விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு தொழிலாளரை மலையை விட்டு இறக்கத் தொடங்கினார்கள். அரசே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டுமென்று தொடுத்த வழக்குகளை அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அது புலிகள் காப்பகத்துக் காடு. காட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு தலைமுறைகள் விளக்கேற்றிய வீடுகளில் விளக்கு அணைந்தால், இன்னும் பத்து ஆண்டுகளில் அங்கேயும் ஒரு வெள்ளைச் சேலையும் சலங்கையொலியும் வந்து சேராதா? அப்போது நம் பேரப்பிள்ளைகள் கைப்பேசியோடு அங்கே போய் நிற்பார்கள்.

தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவில் புயலும் கடலும் அந்த ஊரை விழுங்கின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த இரயில் வண்டி பயணிகளோடு அலையில் மறைந்தது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இன்று விளம்பரங்களில் அதன் பெயர் 'பேய் நகரம்'. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று சிரித்தபடி படமெடுத்துக்கொள்கிறார்கள்.

அழிந்த ஊருக்குள் எப்படி நடப்பது என்பதற்கு நம் மார்க்கத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக்கை நோக்கிப் படை சென்றபோது, ஸமூது கூட்டத்தார் வாழ்ந்து அழிந்த ஹிஜ்ர் என்னும் இடம் வழியில் வந்தது. அழுதபடியே அன்றி அவ்வீடுகளுக்குள் நுழைய வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்தார்கள். தம் தலையை மூடிக்கொண்டு வாகனத்தை விரைவுபடுத்திக் கடந்தார்கள். அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றில் மட்டும் இறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே பேய் இருக்கிறது என்று அவர்கள் எவரையும் அச்சுறுத்தவில்லை. அந்த மதாயின் ஸாலிஹ் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது அப்பகுதியில் ஆடம்பர விடுதிகளும் எழுந்திருக்கின்றன. உம்ராவுக்குச் செல்லும் நம்மவர் சிலரும் அங்கே போய் வருகிறார்கள். எப்படிப் போய் வருகிறார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

பேய்ச் சுற்றுலாவை வெறும் விளையாட்டு என்று நான் விட்டுவிடாததற்கு இன்னொரு காரணம் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. இப்படங்களைப் பார்த்துப் பழகிய வீட்டில், ஒரு பெண்பிள்ளை உறக்கமின்றித் தனக்குத்தானே பேசத் தொடங்கினால், மருத்துவரின் நினைவு வருமுன் ஜின்னின் நினைவு வந்துவிடுகிறது. தாயத்து, தகடு, பிறகு ஏதேனும் ஒரு தர்கா வாசல், பிறகு சங்கிலி! 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில், ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீ பரவியபோது ஓட முடியாமல் கருகினார்கள். உயிரிழந்தவர்கள் 28 பேர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். பாசமுள்ள உம்மாக்களும் வாப்பாக்களும்தாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த மனநோயாளியையும் சங்கிலியிடுவதை அறவே தடை செய்திருக்கிறது. குர்ஆனின் இறுதி இரு அத்தியாயங்களையும் ஆயத்துல் குர்ஸியையும் தாராளமாக ஓதி ஊதுங்கள், அது ஸுன்னத்து. அதே நாளில் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியதும் அதே ஸுன்னத்துதான்.

அந்த நால்வருக்கு நான் சொன்ன பதிலைக் கேட்கிறீர்களா? "போய் வாருங்கள், தடையில்லை. வனத்துறையின் அனுமதியோடு பகலில் போங்கள். மழை வலுத்தால் அருவிப் பக்கம் இறங்காதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது நினைவிருக்கட்டும். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். லயத்தில் பெரியவர்கள் யாரேனும் இருந்தால் ஸலாம் சொல்வது போல் வணக்கம் சொல்லி உட்கார்ந்து பேசுங்கள்; அவர்களுக்குத் தமிழ் தெரியும்" என்றேன்.

போய் வந்தார்கள். பங்களாவில் படமெடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவர்களில் இளையவன் மட்டும் மறுநாள் லுஹருக்குப் பின் வந்து, "ஹஜ்ரத், அங்கே ஒரு பாட்டி. அவங்க ஆச்சி பிறந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கமாம். பஸ்ஸுல எவ்வளவு நேரமாகும்னு எங்ககிட்டயே கேக்காங்க" என்றான்.