வளையலும் மின்புலமும்

நேற்று ராத்திரி, பன்னிரண்டாவது படிக்கும் மகளுக்குச் சீராக மின்னூட்டப்பட்ட வளையத்தின் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். "சுத்தி மின்னூட்டம் இருக்கு, நடுவுல மட்டும் ஏன்ப்பா மின்புலம் பூஜ்ஜியம்?" என்றாள்.

அவள் வளையலையே தாளில் வைத்து, எதிரெதிரே இரண்டு புள்ளி குறித்தேன். நடுவில் ஒன்றின் புலத்தை மற்றது சமன்செய்துவிடுகிறது. அச்சில் மேலே போனால் பக்கவாட்டுக் கூறுகள் மட்டும் அடிபடும். அச்சுத்திசைக் கூறுகள் சேரும். ஆரத்தைப்போல் ஏறக்குறைய 0.707 மடங்கு தூரத்தில் புலம் உச்சம்.

மின்னூட்டப்பட்ட வட்டத்தகடு என்பதும் ஒன்றுக்குள் ஒன்றாக இதே வளையங்கள்தான். அதையே முடிவில்லாமல் விரித்தால், புலத்துக்கான விடையில் தூரமே இருக்காது!

இந்தக் கணக்குகளில் வரும் தொகையிடல் என்பது சிறு துண்டைக் கவனித்து, பொறுமையாகக் கூட்டுவது. சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் முன், பிள்ளைகளை அந்தத் துண்டை வரையச் சொல்லுங்கள்.