இறங்கித் திருப்புகின்ற பூட்டு

நாற்சக்கர இயக்க வாகனம் என்று பெயர் பெற்ற பழைய ஜீப்களும் டபிள் கெப்களும் நாளாந்தம் இரண்டு சக்கரங்களின் பலத்திலேயே ஓடுகின்றன என்பது, அவற்றில் பல ஆண்டுகள் பயணம் செய்தோருக்குக்கூடத் தெரியாதிருக்கும். தார் வீதியில் எஞ்சினின் வலு பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. சேறும் மணலும் குறுக்கிடும்போது ஒரு நெம்பை இழுத்து முன்சக்கரங்களுக்கும் வலுவை வழங்குகின்றோம். இந்த நெம்புக்கும் முன்சக்கரத்துக்கும் இடையில், சக்கரத்தின் நடுவே குமிழ் போன்று துருத்தி நிற்கும் ஹப் என்னும் சிறு உறுப்புப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

வாகனம் இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போது, முன்சக்கரங்கள் உருளுகின்ற காரணத்தால் அவற்றோடு பிணைந்த அச்சுத் தண்டுகளும் முன் டிபரென்ஷலும் வீணாகச் சுழலும். தேய்மானமும் இரைச்சலும் கூடும். எரிபொருளும் சிறிதளவு விரயமாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இராணுவ ஜீப்கள் சாதாரண மக்களின் கைக்கு வந்தபோது இந்தக் குறை பெரிதாக உணரப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஆர்தர் வோர்ன் 1948ஆம் ஆண்டில் ஆரம்பித்த தொழில், இதற்கான பரிகாரத்தையே விற்பனை செய்தது. சாரதி இறங்கி, சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைக் கையால் திருப்பினால் சக்கரம் அச்சுத் தண்டுடன் பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் விடுபடும். பின்னர் முன் அச்சு முழுவதும் ஓய்ந்திருக்க, சக்கரம் மட்டும் உருளும்.

1980களில், இறங்கும் சிரமத்தைப் போக்கவென்று தானியங்கி ஹப்கள் பரவலாயின. நெம்பை இழுத்து வாகனத்தை நகர்த்தினால், உள்ளேயிருக்கும் பொறிமுறை தானாகவே பூட்டிக்கொள்ளும். விடுவிப்பதற்கு நெம்பைப் பழைய நிலைக்கு மாற்றி, ஓரிரு மீற்றர் பின்னோக்கிச் செலுத்தினால் போதும். மழையில் நனையத் தேவையில்லை. வசதி என்ற வகையில் இதனைக் குறை கூற முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வலு செல்லும் திசை மாறும்போது இப்பொறிமுறை ஒருகணம் விடுபட்டு, மறுபக்கமாக மீண்டும் பூட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக இருக்கும்போது அதனைச் செய்துவிடும். தேய்ந்து, உள்ளேயிருக்கும் கிறீஸ் இறுகிப் போனால், அது பூட்டியதா இல்லையா என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

எனது மைத்துனர் மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் செய்பவர். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அப்பகுதி மக்கள் வாவியைக் கடப்பதற்குப் பாதை எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். இன்று பாலம் இருக்கிறது, பிரதான வீதியும் நன்றாக இருக்கிறது. ஆயினும் வட்டைக்குள் இருக்கும் அவரது வீட்டிலிருந்து அந்த வீதிக்கு வருவதற்கு இரண்டு கிலோமீற்றர் களிமண் பாதை உண்டு. மாரியில் அது பாதையாக இருப்பதில்லை. அவரிடமுள்ள 1990களின் ஜப்பானியத் தயாரிப்பான டபிள் கெப் வாகனமே நெல் ஏற்றுவதும் உரம் ஏற்றுவதும். அயலவர்களுக்கு இரவு நேர அம்புலன்ஸும் அதுவே.

2023 டிசம்பரில் ஒருநாள் இரவு, எனது மாமிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டது. நானும் அன்று அங்கிருந்தேன். பாதையின் நடுவில் வாகனம் புதைந்தது. இத்தகைய நேரத்தில் எந்தச் சாரதியும் செய்வதுபோல, மைத்துனர் முன்னும் பின்னுமாக அசைத்து வெளியே எடுக்க முயன்றார். ஒவ்வொரு தடவையும் முன்சக்கரத்தில் கடகடவென்ற ஓசை எழுந்தது. பின்சக்கரங்கள் மாத்திரமே சேற்றை வாரி இறைத்தன. உழவு இயந்திரம் ஒன்று வந்து இழுத்தெடுக்கும்வரை இரண்டு மணித்தியாலங்கள் கடந்தன. பின்னாசனத்தில் மகளின் தோளில் சாய்ந்திருந்த மாமி, “எனக்கு ஒண்டுமில்ல, அவசரப்படாதீங்க” என்று எங்களுக்கு ஆறுதல் கூறிக்கொண்டிருந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலங்களை எங்கள் குடும்பத்தில் எவரும் மறக்கவில்லை.

புதிய வாகனம் என்ற பேச்சுக்கே அப்போது இடமிருக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இருப்பதைத் திருத்திக்கொள்வதே வழி. தானியங்கி ஹப்பைக் கழற்றிவிட்டுக் கையால் பூட்டும் ஹப்பைப் பொருத்துவோம் என்று கராஜ்காரர் கூறினார். அறுபது வயதைக் கடந்த அவர் என்னிடம் சொன்னது இது: “தம்பி, ஓட்டோ ஹப் நம்மட சொல்லக் கேட்டுதா இல்லையா எண்டு நமக்குத் தெரியாது. இது அப்பிடியில்ல. பூட்டினா பூட்டினதுதான்.”

மச்சாள் உடன்படவில்லை. “நடுச்சாமத்தில, மழைக்குள்ள, ஆர் இறங்கித் திருப்புற? அவர் இல்லாத நேரம் நான்தானே ஓட்ட வேணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குக் கராஜ்காரரிடம் எளிய விடை இருந்தது. கார்த்திகையில் மழை தொடங்கும் முன்னரே இரு ஹப்களையும் பூட்டிவிட வேண்டும். தை கழிந்து தரை காயும்வரை அப்படியே விட்டுவிடலாம். நெம்பு இரு சக்கர நிலையில் இருக்கும்வரை தார் வீதியிலும் இதனால் தீங்கில்லை. சிறிது தேய்மானமும் சிறிது டீசலும் மட்டுமே செலவு. சேறு வந்தால் உள்ளே இருந்தபடி நெம்பை இழுத்தால் போதும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து புதிய சோடி ஹப்கள் தருவிக்கப்பட்டன. அச்சுத் தண்டின் பற்களின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கப்பட்டது. பழைய ஹப்பின் உள்ளே, திறந்து பார்த்தபோது, கிறீஸ் மெழுகுபோல் இறுகியிருந்தது. அதன் பின்னாலிருந்த உராய்வுப் பகுதியையும் அகற்றி, கையால் பூட்டும் ஹப்புக்குரிய நட்டை இட்டு, பெயாரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்தார். பின்னர் ஜாக்கியில் சக்கரத்தை உயர்த்திச் சோதித்தார். குமிழ் விடுபட்ட நிலையில் சக்கரம் சுழல, அச்சுத் தண்டு அசையவில்லை. பூட்டியதும் இரண்டும் ஒன்றாகச் சுழன்றன. ஒரு பகல் வேலை.

இதனைப் பொருத்துவோர் மூன்று விடயங்களை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, இரு பக்கமும் ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் பூட்டப்பட்டிருந்தால், சாதாரண டிபரென்ஷல் வலுவை விடுபட்ட பக்கத்துக்கே அனுப்பும், முன்சக்கரங்கள் இழுக்கமாட்டா. இரண்டாவது, காய்ந்த தார் வீதியில் நெம்பை நாற்சக்கர நிலையில் வைத்து ஓட்டலாகாது. மூன்றாவது, கோடையிலும் மாதம் ஒருமுறை ஹப்களைப் பூட்டிச் சில கிலோமீற்றர் ஓட்டினால்தான் முன் அச்சின் உறுப்புகளுக்கு எண்ணெய் சென்றடையும்.

இன்னொன்றையும் கூறாமல் விடமுடியாது. சேற்றை வெல்வது வேறு, ஓடும் வெள்ளத்தை வெல்வது வேறு. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு, அச்சிறுவர்களில் பலர் உயிரிழந்த துயரத்தைக் கிழக்கு மாகாணம் மறக்கவில்லை. உழவு இயந்திரத்தின் பெருஞ்சக்கரங்களே நிலைகொள்ள முடியாத நீரோட்டத்தில் ஹப் எதனையும் செய்யாது. 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தில் செய்தி சேகரிக்கச் சென்றபோது எங்கள் சாரதி நீரின் விளிம்பில் இறங்கி, குமிழ்களைத் திருப்பிவிட்டு, சற்று நேரம் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், “இது சரிவராது சேர்” என்று கூறி வாகனத்தைத் திருப்பினார். அவர் இறங்கியதால்தான் நீரைக் கிட்ட நின்று பார்த்தார்.

கையால் பூட்டும் ஹப்பின் பெரிய நன்மை அந்த இடத்திலேயே இருக்கிறது என்று நான் எண்ணுகின்றேன். பூட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு அது ஊகத்தை விடையாகத் தருவதில்லை. குமிழிலுள்ள குறியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். வெளிநாடுகளிலிருந்து ஊருக்கு வந்து, மாரி காலத்தில் இத்தகைய வாகனங்களை வாடகைக்கு எடுக்கின்ற அன்பர்கள் புறப்படுமுன் முன்சக்கரத்தின் அருகில் ஒருகணம் குனிந்து பார்ப்பது நல்லது. குமிழ் இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறதென்று சாரதியைக் கேளுங்கள். நல்ல சாரதி கோபித்துக்கொள்ளமாட்டார்.