முள் சொல்லும் செய்தி

வாய் திறந்து பேசாதவற்றின் உள்ளத்தை அறிவது எங்ஙனம் என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே வகுத்து, நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னார். வள்ளுவரோ குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரில் பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் அமைத்தார். அமைச்சர்க்கும் காதலர்க்கும் உரிய அக்கலை, பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் வேண்டும் என்பதை மைசூருவில் வாழும் நாங்கள் சென்ற கோடையில் கண்டோம்.

எங்கள் காருக்கு வயது இருபத்திரண்டு. இதை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாகாதா என நண்பர்கள் வினவுவர். ஆயினும் பிழைக்க வந்த ஊருக்கும் பிறந்த ஊருக்கும் இடையே எங்களைச் சுமந்த வண்டி அது. நஞ்சன்கூடு, சாமராசநகர், ஆசனூர் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளில் இறங்கிப் பண்ணாரியைக் கண்டால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை தொடங்கும். அதற்கப்பால், கோபிசெட்டிபாளையத்தை அடுத்த சிற்றூரில் எங்கள் அன்னையார் தனித்து வாழ்ந்துவந்தார்.

தொலைபேசியில் எப்போது கேட்டாலும், "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன்" என்பதே அவர் விடை. அவ்வூர் சென்று மீண்ட உறவினர் ஒருவர்தாம், அவர் கால்கள் வீங்கியிருப்பதையும், கடைக்குப் போகும் வழியில் இருமுறை அமர்ந்து எழுவதையும் சொன்னார். உடனே அழைத்துவந்து மருத்துவரிடம் காட்டுவதென முடிவு செய்தோம். அந்த வாரத்தில்தான் காரின் கூலண்ட் குறையத் தொடங்கியது.

வண்டி நின்ற தரையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. வெப்பங்காட்டும் முள்ளோ நடுவிலேயே நின்றது. ஆயினும் காலைதோறும் பானட்டைத் திறந்தால், கூலண்ட் கோட்டுக்குக் கீழே சிறிது இறங்கியிருக்கும். இனிப்புக் கலந்த ஒரு வாடையும் வீசும். முள் சரியாகத்தானே இருக்கிறது, போய்வரலாம் என்றார் அண்டைவீட்டார். எங்கள் மனம் ஒப்பவில்லை.

மண்டி மொகல்லாவில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் முதியவர். 1961 முதல் 1996 வரை இந்நகரில் இயங்கிய ஐடியல் ஜாவா மோட்டார்சைக்கிள் தொழிற்சாலையில் பணியாற்றியவரிடம் தொழில் பயின்றவர். "தண்ணி குறையுதுன்னா அது போற இடம் ஒண்ணு இருக்கணும் சார். அதைப் பாக்காம எதையும் மாத்தக்கூடாது" என்றார். நோயையும் நோயின் முதலையும் தேர்ந்த பின்னரே தணிக்கும் வழி நாடுக என்னும் வள்ளுவர் நெறியன்றோ இது!

எஞ்சின் ஆறியபின், அவர் எண்ணெயைச் சோதித்தார். அது பால்போல் வெளுக்கவில்லை, ஆதலின் கூலண்ட் எண்ணெயில் கலக்கவில்லை. உட்புறத்துக் கால்விரிப்பு உலர்ந்திருந்தது. வாட்டர் பம்பும் உலர்ந்திருந்தது. பின்னர் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். சில நிமிடங்களில் பம்பின் முள் மெல்லத் தாழ்ந்தது. தெர்மோஸ்டாட் அருகே, பட்டறைகளில் சென்சார் எனப்படும் வெப்ப உணரியின் அடியில் ஒரு துளி அரும்பிற்று. சுற்றிலும் உப்புப் பூத்தாற்போல் வெண்பச்சைப் படிவு. கசிந்தது எஞ்சின் சூட்டில் அங்கேயே உலர்ந்துபோனதால்தான் தரை நனையவில்லை.

உணரி சிறிது, அதன் பொறுப்போ பெரிது. அதனுள் இருக்கும் பொருளின் மின்தடை சூடு ஏறஏறக் குறையும். அத்தகைய இயல்பை வெள்ளி சல்பைடில் ஃபாரடே 1833ஆம் ஆண்டிலேயே கண்டார். எங்கள் வண்டியில் முள்ளுக்கும் எஞ்சின் கணினிக்கும் செய்தி தருவது இவ்வொன்றே. கூலண்ட் மிகக் குறைந்து, உணரியின் முனை காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் கொதிக்கையிலும் முள் குளிர்ச்சியே காட்டக்கூடும். ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்திலுள்ள மைசூருவில், திறந்த பாத்திரத்து நீர் 97 பாகை செல்சியசை ஒட்டியே கொதித்துவிடும். மூடிய அமைப்பின் அழுத்தமும் கூலண்டும்தாம் அவ்வெல்லையை உயர்த்துகின்றன. கசிவினால் இரண்டையும் இழந்த வண்டி, அன்னையாரை ஏற்றிக்கொண்டு திம்பம் ஏறுகையில் என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பேட்டரி இணைப்பைக் கழற்றி, உணரியின் மட்டத்துக்குக் கீழே கூலண்டை ஒரு தட்டில் இறக்கினார். இனிப்பாயினும் அது நஞ்சு. ஆதலால் குழந்தைகளும் நாய்களும் அண்டாதவாறு மூடி வைத்தார். பழைய உணரியைக் கழற்றி, அது அமர்ந்த இடத்தைத் துடைத்து, புது வாஷருடன் புதியதைப் பொருத்தினார். அலுமினிய மரை கெடாதபடி அளவோடு முறுக்கினார். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சமமாகக் கலந்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினார். ஆறியபின் மீண்டும் அழுத்தம் ஏற்றினார். இம்முறை முள் தாழவில்லை.

மூன்றாம் நாள் திம்பம் ஏறி அன்னையாரை அழைத்துவந்தோம். இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாக மருத்துவர் கண்டார். இப்போது மருந்தினால் கட்டுக்குள் இருக்கிறது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு ஒன்று கூறுவோம். நடுவில் நிற்கும் முள்ளும், நலம் என்னும் ஒரு சொல்லும் நமக்கு ஆறுதல் தருவன. ஆயினும் அவை முழுச் செய்தியல்ல. பெற்றோரிடம் நலமா என்று மட்டும் கேளாதீர்கள். இன்று எவ்வளவு தொலைவு நடந்தீர்கள், இரவு எத்தனை முறை விழித்தீர்கள், செருப்பு காலுக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று கேளுங்கள். நம்மை வருத்தக்கூடாதென்றே நல்லாயிருக்கிறேன் என்பவர்கள் அவர்கள். அச்சொல்லின் அடியில் எங்கேனும் ஒரு துளி கசிகிறதா என்று பார்ப்பது நம் கடன்.