ஒரு மணி நேரப் பயணம்

திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பக்கம் எது? கோவை ஏர்போர்ட்டா, யாழ்ப்பாணத்துப் பலாலியா? சட்டென்று 'கோவைதான்' என்றிருப்பீர்கள். நேர்கோட்டில் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். சுமார் 184 கிலோமீட்டர். நம்பாதவர்கள் அட்லஸையும் ஸ்கேலையும் எடுத்துக்கொள்ளலாம்.

கோவைக்கு பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டால் சிங்காநல்லூர் வந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கு? நடுவில் கடல். கடலைவிட ஆழமான சமாசாரங்களும் நடுவில் இருந்தன.

2025 மார்ச் 30-ம் தேதி திருச்சியிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் தொடங்கியது. ஏ.டி.ஆர். என்கிற, இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் 22 நிமிடம் போதுமே, டைம்டேபிளில் ஏன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போடுகிறார்கள்?

அவர்கள் எழுதுவது 'பிளாக் டைம்' கணக்கு. நிற்கும் இடத்தைவிட்டு விமானத்தின் சக்கரம் அசைந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து, மேலேறி, கீழிறங்கி, மறுபடி ஊர்ந்து, சக்கரம் கடைசியாக நிற்கும்போதுதான் கடிகாரமும் நிற்கும். குட்டிப் பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரமே. பி.காமில் நாங்கள் படித்த கிராஸ், நெட் வித்தியாசம்தான், வேறொன்றுமில்லை.

இந்த ஆகாய வழி புதிதும் அல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோதே, அது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு யுத்தம். பலாலி ராணுவத்தின் கையில். யாழ்ப்பாணத்துக்காரர் திருச்சிக்கு வர வேண்டுமானால், முதலில் எதிர்த்திசையில் கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீட்டர் தரைவழி. அங்கிருந்து விமானத்தில் இன்னொரு 400. ஆக, 184-க்கு 800! 2019-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, சென்னைக்கு விமானம் விட்ட பிறகுதான் இந்தத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலைக்கு ஒரு முடிவு வந்தது.

திருச்சி ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கிறது கொட்டப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். விமானச் சத்தம் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அங்கே ஒரு பெரியவரிடம் பலாலி விமானத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். 1990-ல் படகில் வந்தவர்.

"ஓம் தம்பி, தெரியும். நாங்கள் உலை வைச்சுச் சோறு வடிக்கிற நேரத்துக்குள்ள அது அங்க போய் இறங்கிடும்" என்றார்.

"நீங்கள் ஒரு தடவை போய்வரலாமே ஐயா?"

"போகலாம். போனால் 'வர' ஏலாது."

விளையாட்டுப் பேச்சல்ல. அகதியாகப் பதிவானவருக்கு டிக்கெட் எடுக்கக் காசு மட்டும் போதாது. இலங்கைப் பயண ஆவணம் வேண்டும். இந்தியாவைவிட்டு வெளியேற அனுமதி வேண்டும். அதை வாங்கிக்கொண்டு கிளம்பினால், முகாம் வீடும் உதவித்தொகையும் அதோடு சரி. பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கேயே படித்து, இங்கே வேலைக்கும் போகிறார்கள். ஊரில் காணி என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு அந்த பிளாக் டைம் கணக்குதான் ஞாபகம் வந்தது. பெரியவர் இருந்த இடத்தைவிட்டு அசைந்தது 1990-ல். இன்னும் எங்கேயும் போய் நிற்கவில்லை.